பலூன் விரித்தபோது ரத்தக்குழாய் கிழிந்தது: அம்மாவுக்கு வைத்த கவர்டு ஸ்டென்ட் நீடிக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ எடுத்தோம். இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு, அதுவும் கால்சியம் படிந்து இறுகிய அடைப்பு என்றார்கள். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோபிளாஸ்டி ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று சொன்னது முடியவில்லை. நடுவில் ஒரு டாக்டர் வெளியே வந்து, “பலூன் விரித்தபோது ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது, பிரஷர் இறங்குகிறது, இன்னொரு கையெழுத்து வேண்டும்” என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தபோது தொடையிலும் ஊசி குத்திய கட்டு இருந்தது. நெஞ்செலும்புக்குக் கீழே ஒரு குழாய் போட்டு ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. “கவர்டு ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றிவிட்டோம்” என்றார்கள். இப்போது அம்மா வீட்டில் நன்றாக நடமாடுகிறார். ஆனால் எங்களுக்குக் கேள்விகள் தீரவில்லை. கிழிந்தது டாக்டரின் தவறா? கையில் தொடங்கியவர்கள் தொடையில் ஏன் குத்தினார்கள்? இந்த ஸ்டென்ட் மற்றவர்களுக்கு வைப்பதைப்போல நீடிக்குமா? உடனே ஆபரேஷன் செய்திருக்கலாமோ? அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். பல் டாக்டர் ஐந்து நாளைக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். மாத்திரைகளை நிறுத்த வேண்டாம், ஒரு நாள்கூட. பல்லை என்ன செய்வது என்று பிறகு சொல்கிறேன். மற்றக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்று உள்ளே என்ன நடந்தது?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் இதயத்தின் மேற்பரப்பில் ஓடுகின்றன. பெரிய குழாய்களின் விட்டமே 3, 4 மில்லிமீட்டர்தான். இதயத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு கொண்ட உறை ஒன்று இருக்கிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே சாதாரணமாக 50 மில்லிக்கும் குறைவான திரவமே இருக்கும். குழாய் முழுத் தடிமனுக்கும் கிழிந்தால் ரத்தம் அந்த இடைவெளியில் கொட்டும்.

இந்த உறைக்குச் சட்டென்று விரிந்துகொடுக்கத் தெரியாது. காசநோய் போன்றவற்றில் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நீர் சேர்ந்தால் ஒரு லிட்டர்வரைகூடத் தாங்கிவிடும். ஆனால் சில நிமிடங்களில் 100, 200 மில்லி ரத்தம் சேர்ந்தாலே இதயம் நெருக்கப்படும். விரிய இடமில்லாத இதயத்துக்குள் ரத்தம் வந்து நிரம்பாது. நிரம்பாததால் வெளியே அனுப்பவும் ஒன்றும் இருக்காது. பிரஷர் மளமளவென்று இறங்கும். இதைத்தான் ‘டாம்பனேட்’ என்கிறோம். உங்கள் அம்மாவுக்கு நெஞ்செலும்புக்குக் கீழே போட்ட குழாய் அந்த ரத்தத்தை வடித்து இதயத்துக்கு இடம் கொடுப்பதற்காக. எக்கோ கருவியில் பார்த்தபடியே ஊசியை உறைக்குள் செலுத்தி, பிறகு மெல்லிய குழாயை விட்டுவிடுவார்கள். சில சமயம் வடித்த ரத்தத்தையே தொடையிலுள்ள சிரை வழியாக உடலுக்குத் திருப்பி ஏற்றுவதும் உண்டு.

டாக்டரின் தவறா?

ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்ஸிக் 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். அதன்பின் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் குறுகிய குழாயை உள்ளிருந்து அழுத்தி விரிப்பது என்ற அடிப்படை மாறவில்லை. அது இருக்கும்வரை கிழியும் அபாயமும் இருக்கும். 1994-ல் அமெரிக்காவின் ஸ்டீஃபன் எல்லிஸும் அவருடைய சகாக்களும் 11 மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, சுமார் 12,900 சிகிச்சைகளில் 62 பேருக்குக் கிழிசல் ஏற்பட்டிருந்தது. இன்றைய கணக்கும் ஆயிரத்துக்கு இரண்டிலிருந்து ஆறு பேர்வரை என்ற அளவில்தான் இருக்கிறது. நெடுநாளாக முழுவதும் அடைந்துபோன குழாயைத் திறக்கும்போது இது இன்னும் அதிகம்.

அந்த ஆய்வில் எல்லிஸ் வகுத்த பிரிவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். குழாய்ச் சுவரில் ஒரு குழி மட்டும் விழுந்து, வெளியே கசிவில்லாமல் இருந்தால் முதல் வகை. ஆஞ்சியோவுக்காகச் செலுத்தும் சாயம் சுற்றியுள்ள திசுவில் லேசாகப் படர்ந்தால் இரண்டாம் வகை. ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள துளை வழியாக ரத்தம் பீறிட்டால் மூன்றாம் வகை. அந்த ஆய்வில் மூன்றாம் வகைக்கு ஆளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டாம்பனேட் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோனார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது மூன்றாம் வகையாகத்தான் இருக்க வேண்டும்.

யாருக்குக் கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்ததுதான்: வயதானவர்கள், பெண்கள், குழாய் வளைந்து நெளிந்து இருப்பவர்கள், கால்சியம் படிந்தவர்கள். கால்சியம் படிந்த பக்கம் கல்லாக இருக்கும், விரிந்து கொடுக்காது. பலூனின் அழுத்தம் முழுவதும் எதிர்ப்பக்கத்து மெல்லிய சுவரின் மேல் விழும். இறுகிய அடைப்பை விரிக்க 16, 20 அட்மாஸ்ஃபியர்வரை அழுத்தம் கொடுக்க வேண்டிவரும். ‘வேண்டாம், குறைவாகவே விரிப்போம்’ என்று விட்டாலும் ஆபத்துதான். சரியாக விரியாத ஸ்டென்டில் ரத்தம் உறைந்து திரும்ப அடைத்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவேதான் டாக்டர் முடிவெடுக்கிறார். குழாயின் அளவுக்கு மிஞ்சிய பலூன், கால்சியத்தைச் செதுக்கும் சுழல்கருவி, வழிகாட்டிக் கம்பியின் கூர்நுனி ஆகியவையும் கிழிசலுக்குக் காரணமாகலாம்.

ஆகவே, கிழிந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தவறு நடந்தது என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த அபாயம் சிகிச்சைக்கு முன்பே உங்களுக்கு விளக்கப்பட்டதா? கால்சியம் அதிகம் என்று தெரிந்தபின் அதற்கான தயாரிப்பு இருந்ததா? குழாய்க்குள்ளிருந்தே அளவெடுக்கும் ஸ்கேன் செய்தார்களா? கிழிந்தபோது கவர்டு ஸ்டென்டும் எக்கோ கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனவா? கடைசிக் கேள்விக்கு உங்கள் அம்மா உயிரோடு இருப்பதே பதில். மற்றவற்றைச் சிகிச்சை செய்த டாக்டரிடமே நேரில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. டிஸ்சார்ஜ் சம்மரி, சிகிச்சைக் குறிப்பு, ஆஞ்சியோ பதிவான சி.டி. மூன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது சண்டைக்காக அல்ல; அடுத்து பார்க்கப்போகும் எந்த டாக்டருக்கும் அவை தேவைப்படும்.

கையில் தொடங்கி தொடையில் ஏன்?

ரத்தம் பீறிடுவதைத் திரையில் பார்த்தவுடன் டாக்டர் செய்யும் முதல் வேலை, அதே பலூனையோ வேறு பலூனையோ கிழிசலின் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலேயோ கொண்டுபோய் மென்மையாக விரிப்பது. ரத்தக்கசிவு அந்தக் கணமே நிற்கும். சிறிய கிழிசல்கள் இப்படிச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பதிலேயே மூடிக்கொள்ளும். ஆனால் பலூன் விரிந்திருக்கும் நேரம் முழுவதும் அதற்கு அப்பாலுள்ள இதயத் தசைக்கு ரத்தம் போகாது. எனவே காலவரம்பின்றிப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

பலூனைச் சுருக்கினால் கசிகிறது, விரித்தால் தசை தவிக்கிறது. இந்த நிலையில் கவர்டு ஸ்டென்டை உள்ளே கொண்டுபோக வேண்டும். மணிக்கட்டு வழியாகக் கரோனரியின் வாய்வரை செலுத்திய வழிக்குழாயில் ஏற்கெனவே பலூன் இருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டு ஸ்டென்டை ஏற்றும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் இதய உறை மறுபடி நிரம்பிவிடும். அதனால் தொடை வழியாக இரண்டாவது வழிக்குழாயைக் கொண்டுபோய் அதே கரோனரியின் வாயில் நிறுத்துவார்கள். முதல் குழாயின் பலூனைச் சில நொடிகள் சுருக்கி, இரண்டாவது குழாயின் கம்பியையும் ஸ்டென்டையும் தாண்டவிட்டு, உடனே விரிப்பார்கள். இரண்டு குழாய்களும் மாறி மாறி வேலை செய்வதால் ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில் இதற்குப் ‘பிங் பாங்’ முறை என்று பெயர். உங்கள் அம்மாவின் தொடையிலிருந்த கட்டு பெரும்பாலும் இதற்காகத்தான். வழிக்குழாய் போதிய அகலமாகவும் ஸ்டென்ட் மெல்லியதாகவும் இருந்தால் ஒரே குழாயில் இரண்டையும் சமாளிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிகிச்சையின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். கிழிந்தவுடன் அதற்கு மாற்று மருந்தான புரோட்டமைனைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் கம்பியும் பலூனும் குழாய்க்குள் இருக்கும்போது கொடுத்தால் அவற்றின் மேலேயே ரத்தம் உறைந்து குழாய் முழுக்க அடைத்துவிடக்கூடும். கிழிசல் மூடி, கருவிகள் வெளியே வரும் நேரம் பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கவர்டு ஸ்டென்ட் என்பது என்ன?

வழக்கமான ஸ்டென்ட் ஒரு கம்பி வலைக்குழல். வலைக் கண்கள் வழியாக ரத்தம் தாராளமாக வெளியேறும். கிழிசலை அது மூடாது. கவர்டு ஸ்டென்டில் அந்த வலையின் மேல் ரத்தம் புகாத சவ்வு போர்த்தியிருக்கும். சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவது உங்கள் நினைவுக்கு வரலாம். ஆனால் பஞ்சர் ஒட்டு வெளியிலிருந்து போடுவது; இது உள்ளிருந்து போடுவது. ஓடும் ரத்தத்தின் அழுத்தமே சவ்வைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க உதவுகிறது.

1990-களில் கிரேக்க மருத்துவர்கள் நோயாளியின் சொந்தச் சிரையில் ஒரு துண்டை எடுத்து ஸ்டென்டின் மேல் போர்த்தி வைத்தார்கள். அவசரத்தில் அதற்கெல்லாம் நேரமிருக்காது. தயார் நிலையில் கிடைத்த ‘கிராஃப்ட்மாஸ்டர்’ ஸ்டென்டுக்கு 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இரண்டு துருப்பிடிக்கா எஃகு ஸ்டென்டுகளுக்கு நடுவே பி.டி.எஃப்.இ. என்ற சவ்வை வைத்த அமைப்பு அது. நம்பகமானது, ஆனால் தடிமன் அதிகம். வளைந்த, கால்சியம் படிந்த குழாயில் தள்ளிக்கொண்டு போவது பெரும்பாடு. 2018-ல் அனுமதி பெற்ற ‘பி.கே. பாப்பிரஸ்’ ஒற்றைக் கோபால்ட் குரோமியம் வலையின் மேல் 90 மைக்ரான் பாலியூரித்தேன் சவ்வு கொண்டது. மெல்லியது என்பதால் பெரும்பாலான அளவுகள் 5 ஃப்ரெஞ்ச், அதாவது 1.7 மில்லிமீட்டருக்கும் குறைவான வழிக்குழாயிலேயே போய்விடும். குதிரையின் இதய உறையிலிருந்து எடுத்த திசுவைப் போர்த்திய ஸ்டென்டும் உண்டு.

கிராஃப்ட்மாஸ்டர், பாப்பிரஸ் இரண்டுக்கும் அமெரிக்காவில் கிடைத்தது மனிதாபிமான அடிப்படையிலான தனி அனுமதி. வருடத்துக்குச் சில ஆயிரம் பேருக்கு மட்டுமே தேவைப்படும் கருவிகளுக்கான வழி அது. உயிர் போகும் நேரத்தில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒருவருக்கு ஸ்டென்ட், இன்னொருவருக்கு வேண்டாம் என்று ஆய்வு நடத்த முடியாது அல்லவா? எனவே கவர்டு ஸ்டென்ட் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து வந்தவை.

எல்லாக் கிழிசலுக்கும் இது பொருந்தாது. இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாயில் வைப்பதற்கு அளவு கிடையாது. வழிகாட்டிக் கம்பி நுனிக்கிளை எதையாவது குத்தியிருந்தால், அந்தச் சின்னக் கிளையையே அடைத்துவிடுவதுதான் வழி. அதற்கு உலோகச் சுருள் பயன்படும். நோயாளியின் தோலுக்கடியிலிருந்து எடுத்த கடுகளவு கொழுப்புத் துணுக்கே போதுமானதாகவும் இருப்பதுண்டு.

உடனே ஆபரேஷன் செய்திருக்கலாமா?

எல்லா வழிகளும் தோற்றால் அறுவை சிகிச்சைதான். ஆனால் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும், ரத்தம் உறையாத மருந்து ஏறியிருக்கும் ஒரு நோயாளியை அவசரமாக மேசைக்குக் கொண்டுபோவது மிகுந்த ஆபத்தானது. நெஞ்சைத் திறக்கும் வரையிலும் பலூனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கவர்டு ஸ்டென்ட் வந்தபின் அப்படிப்பட்ட அவசர அறுவைகள் குறைந்திருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்துக் கசிவு நின்றுவிட்டது என்றால், அதுவே நல்ல முடிவு.

இது நீடிக்குமா?

நீடிக்கும், ஆனால் சாதாரண ஸ்டென்டைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இன்று பொதுவாக வைக்கும் ஸ்டென்டுகளில் திரும்ப அடைக்காமல் இருக்க மருந்து பூசியிருக்கும். கவர்டு ஸ்டென்டுகளில் அது இல்லை. சாதாரண ஸ்டென்டின் கம்பிகளைக் குழாயின் உள்படலம் சில மாதங்களில் மூடிவிடும். கவர்டு ஸ்டென்டின் சவ்வு ஒரு முழுப்பரப்பு. அதன்மேல் உள்படலம் வளர்வதற்கு நாளாகும். அதுவரை அந்தப் பரப்பு ரத்தத்துக்கு அந்நியமாகவே இருக்கும். அங்கே ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். திரும்பக் குறுகும் வாய்ப்பும் சாதாரண ஸ்டென்டைவிட அதிகம். குறிப்பாக ஸ்டென்டின் இரு ஓரங்களில்.

இன்னொரு விலையும் உண்டு. சவ்வு கிழிசலை மூடுவதோடு, அந்த இடத்தில் பிரியும் கிளைக்குழாய்களையும் மூடிவிடும். அதனால் சிறிய அளவில் மாரடைப்பு ஏற்பட்டிருக்கலாம். உங்கள் அம்மாவுக்குக் கிளை ஏதாவது அடைபட்டதா, இதயத்தின் பம்பிங் இப்போது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாத்திரையும் பல்லும்

இப்போது பல் விஷயத்துக்கு வருகிறேன். கவர்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினும், அதோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டைகாக்ரெலார் போன்ற இரண்டாவது மாத்திரையும் குறைந்தது ஒரு வருடம் கொடுப்பது பொதுவான நடைமுறை. பலருக்கு அதற்கு மேலும் தொடர்வோம். ஆஸ்பிரின் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதமே ஆன நிலையில் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்தினால், முன்பக்க ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துக்கொள்ளக்கூடும். பல் எடுத்த இடத்தில் வரும் ரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம். இதயத்துக்குள் உறைந்தால் அப்படி நிறுத்த வழியில்லை.

பல்லில் சீழ் இல்லை, வலி தாங்கும்படி இருக்கிறது என்றால் தள்ளிப்போடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், இரண்டு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பல்லை எடுக்க முடியும். பஞ்சு வைத்து அழுத்துவது, தையல் போடுவது, டிரானெக்ஸாமிக் அமிலம் கலந்த நீரால் வாய் கொப்பளிப்பது என்று பல் டாக்டர்களிடம் வழிகள் இருக்கின்றன. உங்கள் இதய டாக்டரும் பல் டாக்டரும் ஒருமுறை போனில் பேசிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள். மூட்டு மாற்று போன்ற அவசரமில்லாத பெரிய அறுவைகளை இந்த ஒரு வருடத்துக்கு நினைக்கவே வேண்டாம்.

வீட்டில் சாதாரணமாக எடுக்கும் மாத்திரைகளிலும் கவனம் தேவை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரும், இபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். அம்மா க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்றால், ‘கேஸ் மாத்திரை’ என்று வாங்கும் ஒமிப்ரஸோல் அதன் பலனைக் குறைக்கும், பான்டோப்ரஸோல் பரவாயில்லை.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மூச்சை இழுத்தால் கூடுகிற, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுவலியும் காய்ச்சலும் வந்தால், ரத்தம் சேர்ந்த இதய உறையில் அழற்சி இருக்கலாம். எக்கோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்தில் சரியாகும். நடந்தால் நெஞ்சில் இறுக்கம், உட்கார்ந்தால் சரியாவது என்று இருந்தால் ஸ்டென்ட் குறுகியிருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே பழைய வலி வந்து வியர்த்தாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள்; சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் ஸ்டென்ட் அட்டையை முன்கூட்டியே காட்டுங்கள். வலி இல்லாவிட்டாலும் ஆறேழு மாதத்தில் ஒரு பரிசோதனை தேவையா, மறுபடி ஆஞ்சியோ வேண்டுமா என்பதை அடுத்த செக்கப்பிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே பைபாஸ் செய்துகொண்ட வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பைபாஸில் இதய உறை திறக்கப்பட்டுவிட்டதால் ரத்தம் சேராது, பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒட்டிப்போன மூலைகளில் தேங்கி, இதயத்தின் ஓர் அறையை மட்டும் அது நெருக்கக்கூடும். சாதாரண எக்கோவில் தெரியாமலும் போகலாம். பைபாஸ் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், கிழிசல் ஏற்பட்டவர்களை மறுநாள்வரை ஐ.சி.யூ.வில் வைத்திருப்பதற்குக் காரணம், சில மணி நேரம் கழித்தும் கசிவு வரலாம் என்பதுதான். ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போகக் கேட்காதீர்கள்.

உங்கள் அம்மாவுக்கு இனி இருக்கும் பெரிய ஆபத்து கிழிந்த இடம் அல்ல, மறந்துபோகும் மாத்திரை. இரண்டு மாத்திரைகளின் பெயரையும், ஸ்டென்ட் வைத்த தேதியையும், ‘இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது’ என்ற வரியையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பையில் வையுங்கள். பல் டாக்டர், கண் டாக்டர், எலும்பு டாக்டர், யாரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.